மோட்டார் கடைக்கு வந்த டெலிபோன்

எரிந்துபோன கிணற்று மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிப் புதுக் காயில் கட்டுவது சுலபம். கட்டித் தர இங்கே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்று ஊருக்குத் தெரியவைப்பதுதான் கஷ்டம். கடை திறந்து, ஈ ஓட்டி, விளம்பரத்துக்கும் போனுக்குமாக அலைந்த அன்பர்களே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த வலி புரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில், சென்னையில் பார்த்த மோட்டார் கம்பெனி வேலையை விட்டுவிட்டு உத்திரமேரூர் பஜாரில் கடை போட்டேன். முதலாளி ஆகிற ஆசையெல்லாம் இல்லை. எங்கள் மூன்று வயது மகள் தேவிக்கு இழுப்பு. வடசென்னைப் புகையில் அவள் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. டாக்டர் ஊரை மாற்றச் சொன்னார். என் மனைவி சரோஜாவுக்கு உத்திரமேரூர் பிறந்த ஊர் என்பதால் இங்கே வந்தோம். வந்த கொஞ்ச நாளிலேயே குழந்தை ஓடியாட ஆரம்பித்துவிட்டாள். கடை நிலைத்து நின்றால் இங்கேயே இருக்கலாம். பொங்கலுக்குள் நிற்காவிட்டால் பழைய வேலைக்குத் திரும்புவதென்று நான் சொல்லிவிட்டேன். சரோஜா குழந்தைக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள்.

தமுக்கு

மைக் செட் கட்டிய வண்டிக்கு வசதி இல்லாததால், பக்கத்து கிராமங்களில் தண்டோரா போடும் ஏழுமலையைப் பிடித்தேன். கணீரென்ற குரல் அவருக்கு. என்ன சொல்லவேண்டும் என்று நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். முதல் கிராமத்துக்கு அவர் பின்னாலேயே பெருமையாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன்.

“மோட்டார் வைத்திருக்கும் விவசாயிகளுக்குத் தெரிவிப்பது என்னவென்றால்” என்றார் ஏழுமலை. அவ்வளவுதான், சுற்றி நின்ற ஆண்களில் ஒருவரையும் காணோம். எல்லாரும் கழனிக்கு ஓடியிருக்கிறார்கள். கரண்ட் பாக்கிக்காக ஃபியூஸைப் பிடுங்க ஆள் வருகிறது என்று நினைத்து, அதற்கு முன்னால் தாங்களே ஃபியூஸ் கேரியரைக் கழற்றி வைக்கோல் போரில் ஒளித்துவிட்டார்கள். அந்த ஊரில் அன்றைக்குப் பூராவும் ஒரு மோட்டாரும் ஓடவில்லை. ஓடாத மோட்டார் எங்கிருந்து எரியும்? கால்வலியால் ஓட முடியாமல் நின்றவர் ஒருவர்தான் எங்கள் அறிவிப்பைக் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: “நல்ல சேதின்னா நீயே வாயால சொல்லிட்டுப் போவலாமேப்பா, தமுக்கு இன்னாத்துக்கு?”

சுவர்

மனு மேல் மனு போட்டு, ஆபீஸ் படிகளைத் தேய்த்து, ஒருவழியாகப் போன் வந்தது. பாதி நாள் ஊமையாகத்தான் இருக்கும். வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டி தெருவில் நுழைந்தால் கம்பி அறுந்துவிடும். ஆனாலும் போன் போன்தானே! ஏரிக்கரையில், பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் படும்படி ஒரு சுவருக்கு வெள்ளையடித்து, கடைப் பெயரையும் போன் நம்பரையும் நீல எழுத்தில் எழுதிவைத்தேன்.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க வரட்டி. கூலி வேலைக்குப் போகும் கன்னியம்மாள் தட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளையடித்த சுவரில் வரட்டி சீக்கிரம் காய்கிறதாம். நான் கோபத்தோடுதான் போனேன். ஆனால் அவள் நம்பரின் மேல் மட்டும் ஒன்றுகூடத் தட்டாமல் விட்டிருந்தாள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன அவள் மகன் அந்த நம்பரை எழுதிக்கொண்டு போயிருக்கிறானாம். அதற்குப் பிறகு எப்படித் திட்டுவது? இருந்தாலும் என் கடைப் பெயர் மறைந்துவிட்டதே என்று முனகினேன். அவள் சொன்ன பதில் எனக்குச் சுருக்கென்றது: “காஞ்சதும் எடுத்துடப் போறேன் நைனா, அதுக்குள்ள ஒன் கடை ஓடியா பூடும்?”

முதல் மணி

கடைக்கென்று வாங்கிய போனில் முதலில் வந்த வெளியூர் அழைப்பு கன்னியம்மாளுக்குத்தான். “பெங்களூர்ல இருந்து கன்னியம்மாவுக்கு பி.பி. கால், ஆளைக் கூட்டிட்டு வாங்க” என்றார் எக்ஸ்சேஞ்சில் இருந்த அம்மா. நான் அவள் தெருவுக்கு ஓடி, வாசலில் நின்று மூச்சுவாங்க, “கன்னியம்மா, போன் வந்திருக்கு” என்றேன். அவள் மார்பில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். “ஒன்றும் இல்லையம்மா, உன் மகன்தான் பேசுகிறான்” என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. ஒப்பாரியோடு தெருவே கிளம்பி என் கடைக்கு வந்து சேர்ந்தது. பஜாரில் இரண்டு கடைக்காரர்கள் மரியாதைக்காகக் கதவைச் சாத்தினார்கள்.

போனில் மகன் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: மேஸ்திரி வேலை கிடைத்துவிட்டது, நீ சாப்பிட்டாயா? அவள் அதற்கும் அழுதாள். எங்கள் தேவி பக்கத்தில் போய் நின்று, தன் பாவாடை நுனியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். அதைப் பார்த்து எனக்கும் கண் கலங்கிவிட்டது. போனை வைத்த பிறகு கன்னியம்மாள் குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு என்னை ஒரு பிடி பிடித்தாள்: “நல்லதுக்குக் கடுதாசி போடுவாங்க, எழவுக்குத்தானே போனு வரும்! நீ சிரிச்சிக்கினே வந்து கூப்ட்டிருக்கக் கூடாதா?”

சாலவாக்கத்து வண்டி

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஏரியில் தண்ணீர் இல்லாமல் மார்கழியிலும் கிணற்று மோட்டாரை ஓட்டவேண்டியிருந்தது. கரண்டோ வருவதும் போவதுமாக இருந்ததில் மோட்டார்கள் எரிந்தன. அப்படியும் என் போன் அடிக்கவில்லை. ஒருநாள் காலை சாலவாக்கத்திலிருந்து முனுசாமி என்கிற விவசாயி மாட்டு வண்டியில் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார். அதன்மேல் வேப்பிலை, எலுமிச்சம்பழம் எல்லாம் இருந்தன. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் நின்றுவிட்டது என்று சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது.

சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்து காயில் கட்டினேன். சரோஜா அவருக்குச் சோறு போட்டாள். மோட்டார் சத்தம் போட்டுச் சுற்றியதும் அவர் அதைத் தொட்டுக் கும்பிட்டார். நான் மெதுவாகக் கேட்டேன்: உங்கள் ஊர் தபாலாபீசில் போன் இருக்கிறதே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே வந்திருப்பேனே? முனுசாமி என்னை விவரம் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்: “பயிரு இன்னும் உசிரோட கீதுப்பா, அதுக்குள்ள போன்ல இன்னான்னு சொல்றது?”

ஊமைப் போன்

அதன்பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக வண்டிகள் வந்தன. ஆனால் எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தச் சமயம் பார்த்துப் பழைய கம்பெனி சூப்பர்வைசர் கடிதம் போட்டிருந்தார். ஓர் இடம் காலி, வெள்ளிக்கிழமை போனில் கூப்பிடுகிறேன், கிடைக்காவிட்டால் சனிக்கிழமையும் பார்க்கிறேன், சரி என்று சொன்னால் போதும் என்று எழுதியிருந்தார். சரோஜாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுப் பாத்திரம் துலக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ரிசீவரை எடுத்தால் மூச்சுப் பேச்சு இல்லை. எக்ஸ்சேஞ்சுக்கு ஓடினேன். என் பிழைப்பே போகிறது, உங்கள் இலாகா உருப்படுமா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். லைன்மேன் ரங்கசாமி பொழுது சாய்கிற நேரத்தில்தான் வந்தார். தெருக்கம்பம் நன்றாக இருந்தது. வாசலில் கம்பி நன்றாக இருந்தது. மேஜைக்கு அடியில் புகுந்து, போன் கம்பி வந்து சேரும் சின்னப் பெட்டியைத் திறந்தவர், கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நீட்டினார். “இது எங்க கோளாறு இல்ல சார். யாரோ கம்பிய கையால கழட்டிட்டு, ஸ்க்ரூவைப் பழையபடி முறுக்கி வெச்சிகீறாங்க” என்றார்.

சரோஜா உள்ளிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். தோளில் தேவி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். “நான்தான் கழட்டினேன்” என்றாள். “இந்த மார்கழிப் பனியில கூட கொழந்த ஒரு நா மூச்சுக்குத் தவிக்கல. வர்றவங்க வண்டி கட்டிக்கினு வராங்க, போன்லயா வராங்க? நாம அங்க திரும்பிப் போவணும்னா நீங்களே மாட்டிக்கிங்க.”

ஒரு வருஷமாக நான் பயந்துகொண்டே இருந்திருக்கிறேன். அவள் ஒருநாளும் பயப்படவில்லை. மேஜைக்கு அடியில் குந்தியிருந்த ரங்கசாமி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குழந்தையையும் பார்த்தார். நான் மாட்டச் சொல்லவில்லை. அவரே பெட்டியை மூடி, கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்: “சாமான் இல்ல, பொங்கலுக்கு அப்பறம்தான் ரிப்பேருன்னு எழுதிக்கினு போறேன் சார்.”

ஆக, அன்பர்களே, இலாகாவோடு நான் சண்டை போட்ட அத்தனை பழுதுகளிலும், எங்களை இந்த ஊரிலேயே நிறுத்திச் சோறு போட்டு, குழந்தைக்கு மூச்சும் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், அந்தப் புண்ணியமும் இலாகாவுக்குச் சேராது.