கலங்கரை விளக்கமும் அக்காவின் முட்டியும்

கடவுளை எனக்கு முழுதாகத் தெரியும் என்று ஒரு சனிக்கிழமை மாலை முழுவதும் நம்பிக்கொண்டிருந்தேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன். அதைவிட வெட்கம், அந்த நம்பிக்கையைக் குளியலறைக் கண்ணாடி முன்னால், இடுப்பில் துண்டோடு நின்று ஒத்திகை பார்த்தது. 'அவர் மாறாதவர்' என்று சொல்லும் இடத்தில் வலது கை மெல்ல மேலே எழ வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். எழுந்தது. அலமாரியில் இருந்த ஷாம்பு புட்டி கீழே விழுந்தது. எச்சரிக்கைகள் இப்படித்தான் வருகின்றன, படித்தவனுக்குத்தான் புரிவதில்லை.

மண்டபத்தை ஒட்டிய கடற்கரை ஊர் எங்களுடையது. கோயில் வாசலில் நின்றால் கொடிமரம், அதற்கப்பால் மணல், அதற்கப்பால் கடல். பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்தது ஓர் அன்பியம். வாரம் ஒரு வீட்டில் கூடி, செபமாலை சொல்லி, விவிலியத்தில் ஒரு பகுதி வாசித்து, யாராவது நாலு வார்த்தை பேசி, சுக்குக் காப்பி குடித்துக் கலைவது வழக்கம். அந்த வாரத்துப் பொருள், கடவுளின் மாறாத பண்புகள். "நீங்க பேசுங்களேன் சார், நாலு வார்த்தை" என்றார் பங்குத்தந்தை. நான் ராமநாதபுரத்தில் அலுவலக வேலை பார்க்கிறவன். பேருந்தில் போகும்போதும் வரும்போதும் தடித்தடியாகப் புத்தகம் படிக்கிறவன். இறையியல் கூட விட்டுவைப்பதில்லை. இத்தனை காலமும் அதை ஊரில் யாரும் பொருட்படுத்தவில்லை. அன்றுதான் ஒருவர் பொருட்படுத்தினார். நாலு வார்த்தையோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

மீன்பிடித் தடைக்காலம் அது. விசைப்படகுகள் எல்லாம் கரையில். போக வேறு இடமில்லாத ஆண்கள் அத்தனை பேரும் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். அவ்வளவு பேரை ஒன்றாகப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்க, முன்வரிசையில் என் அக்கா மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில், வலது காலை நீட்டியபடி இருந்தாள். மதுரையில் மூட்டு மாற்றி வந்த கால். கீழே உட்காரக் கூடாது, முட்டி போடவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பேசினேன். பேச்சின் நடுவே கலங்கரை விளக்கத்தைக் கொண்டுவந்தபோது நானே என்னை மெச்சிக்கொண்டேன். "பாம்பன் லைட் ஹவுஸ் நகருமா? நகராது. படகுதான் நகரும். காத்து மாறும், நீரோட்டம் மாறும், நம்ம மனசு மாறும். வெளிச்சம் நின்ன இடத்துலதான் நிக்கும். ஆண்டவர் அப்படி. காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு பேசுறவர் இல்ல. நம்மகிட்ட பேரம் பேசுறவரும் இல்ல."

கை எழ வேண்டிய இடத்தில் எழுந்தது. நல்லவேளை, அங்கே ஷாம்பு புட்டி இல்லை. அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் பேச்சில் சொக்கிப்போனாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பூசை முடிந்து வீடு வந்ததும் பங்குத்தந்தையிடமிருந்து போன். "சார், அக்காகிட்ட என்ன சொன்னீங்க? அசனம் வேண்டாம்னுட்டாங்களே?"

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அக்காவின் ஒரே மகன் கடலுக்குப் போகிறவன். எல்லை தாண்டிவிட்டான் என்று ஒருமுறை பிடித்துக்கொண்டு போய் அக்கரைச் சிறையில் அடைத்துவிட்டார்கள். அந்த நாட்களில் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை, யாரிடமும் சண்டை போடவில்லை. இரண்டாவதுதான் எங்களைப் பயமுறுத்தியது. அப்போது அவள் நேர்ந்துகொண்டது: பிள்ளை வீடு வந்து சேர்ந்தால், கொடிமரத்திலிருந்து பீடம் வரைக்கும் முட்டியிலேயே நடந்து வருகிறேன். பிள்ளை வந்து சேர்ந்தான். அவள் நேர்த்தியைச் செலுத்தக் கிளம்புவதற்குள் முட்டி போய்விட்டது. அறுவைக்குப் பிறகு பங்குத்தந்தையிடம் கேட்டாள். "அதுக்குப் பதிலா ஊருக்கு ஒரு நேரம் அசனம் போட்டுருங்கம்மா, போதும்" என்றார் அவர். கோயில் முற்றத்தில் ஊரே உட்கார்ந்து சாப்பிடும் சோறு அது. முட்டி நடைக்கு அது குறைந்ததல்ல. அக்காவும் சமையல்காரரிடம் சொல்லிவைத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் நான் கலங்கரை விளக்கத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

அக்கா வீட்டுக்கு ஓடினேன். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே அக்கா தரையில் தலையணையைப் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை மடக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒத்திகை! எங்கள் குடும்பத்துக்கே அந்த வியாதி உண்டு போல. பெட்டி அவள் பக்கமாக ஒரு சாண் நகர்ந்திருந்தது.

"என்னக்கா இது? டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டர் சொல்லட்டும். லைட் ஹவுஸ் நகராதுன்னு நீதானலே சொன்ன? அது நகராதுன்னா நான்தான நகரணும்?"

"அது வேற அர்த்தத்துல..."

"பேரம் பேச மாட்டாருன்னியே, அது எந்த அர்த்தத்துல? முட்டின்னு சொல்லிட்டுச் சோறுன்னு மாத்துறது பேரம் இல்லாம என்ன? தடைக்காலம் முடிஞ்சதும் இவன் கடலுக்குப் போறான். நான் வாக்கு மாறி, அங்கன இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். இருபத்தைந்து நிமிடம் மாறாத கடவுளைப் பற்றிப் பேசியவன், அவருடைய இரக்கமும் மாறாதது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. நேரம் முழுவதையும் விளக்கே தின்றுவிட்டது.

அந்த வரியை அப்போது சொன்னேன். அவர் மாறாதவர் என்றால், அன்றைக்கு நீ அழுதபோது கேட்ட அதே மனசோடுதான் இன்றைக்கும் உன் முட்டியைப் பார்க்கிறார், பயப்படாதே என்று சொன்னேன். இதைத்தான் நான் உண்மையாகவே நம்புகிறேன். அதனாலோ என்னவோ, கை எழவில்லை, குரலும் எடுபடவில்லை.

"இத நேத்தே சொல்லியிருக்கலாமுல்ல? இப்ப என் காலுக்காகச் சொல்ற."

"சரி, ஃபாதர் சொன்னாரே? நேர்த்திய மாத்திக் குடுக்க அவருக்கு அதிகாரம் இருக்குக்கா."

"அவரு நல்லவருதான். ஆனா அவரே அஞ்சு வருசத்துல வேற ஊருக்கு மாறிப் போறவரு. நீ பொஸ்தகத்துல பாத்துல்ல சொன்ன."

என் வாழ்க்கையில் என் படிப்பை அக்கா மதித்த ஒரே தருணம் அது. அனுபவிக்க முடியவில்லை.

டீக்கடையில் என் கூட்டாளி இருந்தார். வளைகுடாவில் நெடுங்காலம் வேலை பார்த்துத் திரும்பியவர், பள்ளிவாசல் தெருக்காரர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டீயை ஆற்றினார்.

"எங்களுக்கும் அல்லாஹ் மாறாதவன்தான் மாப்ள. ஆனா முட்டி முடியாதவங்க நாற்காலியில உக்காந்து தொழுகலாம்னு இருக்கே. அவன் மாறல, நாற்காலி வந்துருச்சு. போய்ச் சொல்லும்."

எனக்கு அது என் கலங்கரை விளக்கத்தைவிடப் பல மடங்கு நல்ல பேச்சாகத் தோன்றியது. பொறாமையை அடக்கிக்கொண்டு திரும்பிப் போய்ச் சொன்னேன்.

அக்கா யோசித்தாள். "அவுகளுக்கு அப்படி விதிச்சிருக்கு, சரி. எனக்கு யாரும் விதிக்கல. நானாத்தான முட்டின்னு சொன்னேன்? அப்பவே நாற்காலின்னு சொல்லியிருந்தா உக்காந்துருப்பேன்."

மறுபடியும் குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். அதைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்துவிட்டது: "விடுக்கா. உனக்குப் பதிலா நான் முட்டி போடுறேன்."

அவள் என்னைத் தலையிலிருந்து தொடங்கிப் பார்த்தாள். பார்வை தொந்தியில் கொஞ்ச நேரம் நின்றது.

"நீயா? பூசையில எல்லாரும் முட்டி போடுற எழுந்தேத்தத்துக்கே பெஞ்சுல சாஞ்சுக்கிட்டு நிக்கிறவன்."

"நேர்ந்தது மாறாதுல்ல? கொடிமரத்துலேர்ந்து பீடம் வரைக்கும், அதே முட்டி நடைதான். ஆள் மட்டும்தான வேற?"

"ஆளும் ரொம்ப வேற இல்ல" என்றாள் மெதுவாக. "ஒரே வயித்துல பொறந்த முட்டிதான். சரி. ஆனா செபம் நான்தான் சொல்வேன். செபம் என்னுது, முட்டி உன்னுது. உன்னைச் செபம் சொல்ல விட்டா அதுலயும் லைட் ஹவுஸக் கொண்டாந்துருவ."

பங்குத்தந்தையிடம் போய்க் கேட்டோம். அவர் சிரிப்பை அடக்க மேசையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தார். "தாராளமா செய்யுங்க. அசனமும் போட்டா இன்னும் நல்லது, சமையல்காரர் வருத்தத்துல இருக்காரு" என்றார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் என்று முடிவானது. பூசை முடிந்தால் வழக்கமாக ஊர் நொடியில் கலைந்துவிடும். அன்று யாருக்கும் வீட்டில் வேலை இருக்கவில்லை.

கொடிமரத்தடியில் முட்டி போட்டேன். கோயில் படி வரைக்கும் மணல். மணல் மெத்தென்று இருக்கும் என்று நினைப்பவர்கள் அதில் முட்டியால் நடந்து பார்க்காதவர்கள். சிப்பிகள் அத்தனையும் அன்று விளிம்பை மேலே வைத்துக்கொண்டு படுத்திருந்தன. அக்கா ஒரு கையில் ஊன்றுகோலும் ஒரு கையில் செபமாலையுமாகப் பக்கத்தில் நடந்தாள். அவள் மகன், அதாவது என் மருமகன், எதற்கு இந்த நேர்த்தியோ அவன், எனக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டு போனில் படம் எடுத்தான்.

"மாமா, வலது பக்கம் சாயுது! படகக் கரையேத்துற மாதிரியே இருக்கு. உருளைக்கட்டை போடவா?"

"ஏலே, சும்மா இரு. அருள் நிறைந்த மரியே..." என்றாள் அக்கா, ஒரே மூச்சில்.

பாதி மணலில் எனக்குப் பெரிய பெரிய சிந்தனைகள் வந்தன. நேர்த்தி என்பது மனதில்தானே இருக்கிறது, உடம்பில் எங்கே இருக்கிறது? கொடிமரத்திலிருந்து என்றால் எந்தக் கொடிமரத்திலிருந்து? பழைய கொடிமரம் வாசற்படிக்கு இன்னும் பக்கத்தில் இருந்ததே? ஒருமுறை செருப்பு வார் தேடுவதுபோல நின்றேன், செருப்பே போட்டிருக்கவில்லை. ஒருமுறை பக்தியில் கண்ணை மூடுவதுபோல நின்றேன். படியில் சுவரைப் பிடித்து ஒரு காலை நிமிர்த்தப் பார்த்தேன். அக்காவின் ஊன்றுகோல் என் முழங்காலைத் தொட்டது. செபம் நிற்கவில்லை.

உள்ளே தரை ஓடு குளிர்ச்சியாக இருந்தது. பீடத்தருகே போய்ச் சேர்ந்ததும் அக்கா செபமாலையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு மகனைக் கிட்டே கூப்பிட்டு, அவன் தலையில் கை வைத்தாள். அவன் போனை இறக்கினான். படகு போகப்போகிற கடலின் சத்தம் கோயிலுக்குள்ளும் கேட்டது. அவள் முகத்தில், அவனை அக்கரையில் அடைத்த நாளிலிருந்து இருந்த ஏதோ ஒரு இறுக்கம் தளர்ந்ததைப் பார்த்தேன். என் இருபத்தைந்து நிமிடப் பேச்சு செய்யாததை என் இரண்டு முட்டிகள் செய்திருக்கின்றன என்று நினைத்தபோது, கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

மருமகனும் இன்னொருவனும் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். மூச்சு வாங்கியதும் அக்காவிடம் கேட்டேன், ஒரு நல்ல வார்த்தை வரும் என்கிற ஆசையில்: "இப்ப சொல்லுக்கா. ஆண்டவர் மாறாதவர்தான?"

"அவரு மாறாதவர்தான். அத விடு" என்றாள் அக்கா, என் வேட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டபடி. "கொடிமரத்துலேர்ந்து இங்கன வாரதுக்குள்ள நீ எத்தனை தடவை மனசு மாறுனேன்னு நான் பாத்துக்கிட்டேதான வந்தேன்."