தோப்பில் நின்ற பட்டாளம்

கருங்கல் சந்தைப் பக்கம் போய் ஷாஜன் வீடு எது என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள். மிலிட்டரி வீடு என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். இந்தப் பெயரால் அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. முன்பின் தெரியாதவர்கள் எந்த ரெஜிமெண்ட் என்று விசாரிப்பார்கள். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் வந்து உட்கார்ந்து, ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிட்டு, கேன்டீன் ரம் ரெண்டு குப்பி கிடைக்குமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ஷாஜனோ சபைப் பாடகர் குழுவில் பாடுகிறவன். குப்பியைத் தொட்டவனில்லை. பட்டாளத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. கிறிஸ்துமஸ் வெடிக்கே காதைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் போய்விடுவான்.

அவனிடம் இருந்ததெல்லாம் பட்டாளத்துச் சட்டைகள்தான். காட்டிலும் மணலிலும் ஆள் இருப்பது தெரியக்கூடாது என்று பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக அச்சடித்த பழைய சட்டைகள், பல நாட்டுப் படைகளுடையவை. அவை படுக்கையறை அலமாரி முழுவதையும் பிடித்துக்கொண்டதால் அவன் மனைவி ஜெஸ்மியின் சேலைகள் கட்டிலுக்கடியில் சூட்கேசில் குடியிருந்தன.

எல்லாம் குவைத்தில் தொடங்கியது. ஷாஜன் அங்கே ஒரு லாண்டரியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் வெளிநாட்டுப் படை முகாம். துவைக்கப் போட்டுவிட்டுத் திடீரென்று சொந்த நாட்டுக்குப் போய்விட்ட சிப்பாய்களின் சட்டைகள் கேட்பாரற்றுக் கிடக்கும். முதலாளி அவற்றைத் தரை துடைக்க எடுத்துக்கொள்வார். ஒரு நாள் அப்படி இரண்டு சட்டைகளை அடுத்தடுத்து மேசையில் விரித்தான். ஒரே படை, ஒரே தையல், ஒரே மணல் நிறம். ஆனால் இஸ்திரிப்பெட்டி ஒன்றின்மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று, மற்றதன்மேல் பொடிப்பொடியாகத் தட்டிற்று. குனிந்து பார்த்தான். ஒன்று சாய்ந்த வரி ஓடும் கனத்த டிரில். மற்றது மெல்லிய துணி, கிழிசல் பரவாமலிருக்க தடித்த நூலைப் பொடிக்கட்டமாக ஓட்டி நெய்தது.

அடுத்த வாரம் மூன்றாவது ஒன்று வந்தது. அந்தச் சட்டைகளில் பாலைவனக் கூழாங்கல் மாதிரி வெள்ளைப் புள்ளியும், அதன் நிழல் மாதிரி பக்கத்திலேயே கறுப்பும் அச்சடித்திருப்பார்கள். இதில் அச்சு தள்ளி விழுந்திருந்தது. கல் ஓரிடத்தில் கிடந்தது, நிழல் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. ஷாஜன் அந்த அனலில் தனியாக நின்று சிரித்தான். தரை துடைக்கும் குவியலிலிருந்து அதை எடுத்து ஒளித்து வைத்தான். அன்றைக்குப் பிடித்தது இது.

ஊர் திரும்பி கருங்கலில் சொந்தமாக லாண்டரி போட்ட பிறகும் விடவில்லை. குவைத்திலேயே இருக்கும் கூட்டாளி பிரைட்டன் அங்குள்ள பழைய துணிச் சந்தையில் தேடி, லீவில் வருகிறவர்களின் பெட்டிகளில் கொடுத்தனுப்புவான். ஷாஜனுக்கு ஒழுங்கான சட்டை வேண்டாம். சாயம் கெட்டு பச்சை ஊதாவாகிப் போனது, துணி தட்டுப்பாடான காலத்தில் வேறு நெசவில் அடித்தது, உடம்பு ஒரு அச்சிலும் கை இன்னொரு அச்சிலும் தைத்தது, இப்படிக் கோளாறானவைதான் வேண்டும்.

பால் சொசைட்டியில் வேலைபார்க்கும் ஜெஸ்மி சாயங்காலம் வந்து பார்த்தால், கட்டில் முழுக்கச் சட்டைகள் விரிந்து கிடக்கும்.

"ஒரே சட்டய இன்னும் எத்தன தடவ வாங்கப் போறிய?"

"ஒண்ணில்லட்டி. இது ரெண்டும் வேற வேற துணியாக்கும்."

"எனக்கு ஒக்க ஒண்ணுபோலத்தான் இருக்கு. ஆடு கடிச்ச தோட்டம் மாதிரி."

அந்த வருஷம் மழை நின்ற பிறகும் அலமாரிக்குள் ஈரம் போகவில்லை. ஒரு சட்டையின் காலரில் வெள்ளையாகப் பூஞ்சை கண்டதும் ஷாஜன் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டான். உடனே வெயிலில் போடவேண்டும். மொட்டைமாடியில் ஜெஸ்மி அவித்த மரச்சீனிக் கிழங்கைக் காயப் போட்டிருந்தாள், அங்கே ஒரு கைக்குட்டைக்கும் இடமில்லை. இனயம் பக்கத்தில் மாமியார் நேசபாய்க்குக் கடலோரமாக ஒரு தென்னந்தோப்பு உண்டு. சட்டைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். மருமகன் எதையோ உலர்த்தப் போகிறான் என்பதற்குமேல் நேசபாய் கேட்டுக்கொள்ளவில்லை. பெண்கள் ஜெபக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதென்று வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டாள்.

தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி, ஷாஜன் ஒவ்வொரு சட்டையையும் ஹேங்கரில் மாட்டினான். சுருக்கம் விழக்கூடாதென்று பொத்தான்களைப் போட்டான், காலரை நிமிர்த்தினான். தொப்பி உள்ளவற்றுக்கு மேலே கயிற்றிலேயே தொப்பியையும் கிளிப் போட்டு நிறுத்தினான். எட்டி நின்று பார்த்தபோது கண்ணே நிறைந்துவிட்டது.

கடைசியாக இருந்தது ஒரு பாராசூட் படைக் கோட்டு. குதிக்கும்போது கோட்டு மேலே ஏறாமலிருக்க, பின்னாலிருந்து ஒரு வால் இறங்கி, கால்களுக்கிடையே வந்து முன்னால் பிரஸ் பட்டனில் மாட்டும். தான் சேர்த்ததை அணிவதில்லை என்பது ஷாஜனின் கொள்கை. ஆனால் அந்த வால் எப்படி நிற்கும் என்று பார்க்கும் ஆசை அவனை நெடுநாளாக அரித்துக்கொண்டிருந்தது. தோப்பில் யாருமில்லை. போட்டான், வாலை இழுத்து மாட்டினான். துருப்பிடித்த பட்டன் டக்கென்று விழுந்தது, பிறகு திறக்கவில்லை. நெம்பிப் பார்த்ததில் கட்டைவிரலும் உள்ளே மாட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து மீன் விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த சத்தியபாய் ரோட்டிலிருந்து தோப்புக்குள் பார்த்தாள். அன்றைக்குக் கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை. வெளியூர் போலீசார் தீவிரவாதிகள் மாதிரி வேஷம் போட்டுக் கடல் வழியாக வருவார்கள், உள்ளூர் போலீசார் அவர்களைப் பிடிக்க வேண்டும். புது ஆட்களைக் கண்டால் சொல்லுங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்திருந்தார்கள். சத்தியபாய் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு போன் போட்டாள்.

"மேடம், நேசபாய் அக்காவுக்க தோப்புல பட்டாளம் எறங்கியிருக்கு."

"எத்தன பேரு?"

"எண்ணுகதுக்கு நின்னா நான் இருப்பனா? வரிசையா நிக்காவ. ஒருத்தரும் அனங்கல்ல."

"கையில என்ன வச்சிருக்காங்க?"

"கை தொங்குது. காலத்தான் காணல்ல மேடம்."

போனை எடுத்த எஸ்.ஐ. ரெஜிஷாவுக்குக் கால் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. போன வருஷ ஒத்திகையில் வந்தவர்கள் மீன் வியாபாரிகள் மாதிரி எதிர்க்கடையில் உட்கார்ந்து சாயா குடித்துவிட்டு, ஸ்டேஷன் ஜீப்பிலேயே வெடிகுண்டு என்று எழுதிய காகிதத்தை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த அவமானத்தோடு ஒரு வருஷம் இருந்தவள் அவள். இருந்த ஆட்களையெல்லாம் ஜீப்பில் திணித்துக்கொண்டு வந்து தோப்பை வளைத்தாள்.

"உங்களச் சுத்தி வளைச்சாச்சு. எல்லாரும் கைய மேல தூக்குங்க" என்று மெகாபோனில் சொன்னாள்.

கடலிலிருந்து ஒரு காற்று வந்தது. சட்டைகள் எல்லாம் ஒன்றுபோலக் கைகளைத் தூக்கின.

"தூக்கிட்டானுவ மேடம்" என்றார் ஏட்டையா, நம்ப முடியாமல்.

அப்போது ஒரு தென்னைக்குப் பின்னாலிருந்து உயிருள்ள ஆள் ஒன்று வெளியே வந்தது. பாதி குனிந்து, ஒரு கையைக் கால்களுக்கிடையே வைத்திருந்தது.

"ரெண்டு கையயும் தூக்கு."

"ஒண்ணுதான் தூக்க முடியும் மேடம்" என்றான் ஷாஜன். "மற்றது மாட்டியிருக்கு."

ஸ்டேஷனில் அவனுக்கு ராஜ மரியாதை. வெறும் சட்டைகளைக் கட்டித் தங்களைத் திசைதிருப்ப வேஷம் போட்டு வந்திருப்பது வேறு மாவட்டத்துப் போலீஸ்காரர் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். நாற்காலி போட்டார்கள். சாயாவும் பழம்பொரியும் வந்தன. ஏட்டையா ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி விரலை மட்டும் விடுவித்தார், பட்டன் மறுபடி பூட்டிக்கொண்டது.

"எந்த ஸ்டேஷன் சார் நீங்க?"

"நான் போலீஸ் இல்ல. கருங்கல்ல லாண்டரி வச்சிருக்கேன்."

"கொள்ளாம், நல்ல நடிப்பு. போன வருஷம் வந்தவரு அயில மீனுக்கு வெலயே பேசினாரு. சீட்டக் காட்டுங்க சார்."

ஒத்திகையில் பிடிபட்டவர்கள் தாங்கள் யார் என்ற சீட்டைக் காட்ட வேண்டும். ஷாஜன் பையைத் துழாவி, இருந்த ஒரே சீட்டை எடுத்துக் கொடுத்தான். பாஸ்டர் அங்கி ஒன்று, வேட்டி இரண்டு, கஞ்சி போடவேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. ரெஜிஷா அதைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். அடுத்த தாக்குதல் ஏதாவது சர்ச்சிலா என்று ஏட்டையா மெதுவாகக் கேட்டார்.

"இத்தன நாட்டு உடுப்பு எங்க கெடச்சுது?" என்றாள் ரெஜிஷா.

ஷாஜனின் வாழ்க்கையில் இந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பயம் போயிற்று. போலீசார் தோப்பிலிருந்து அள்ளிக் கட்டிக்கொண்டு வந்த சாக்குமூட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தான். மழைக்கோடு மாதிரி வரி அடித்தது, பச்சைக்குள் சிவப்பு கலந்தது, உப்புத் தண்ணீரில் நிறம் மாறியது. துணியை அவள் விரலுக்கிடையில் கொடுத்து வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டான். குவைத்துச் சட்டையில் கல் ஓரிடத்திலும் நிழல் ஓரிடத்திலும் கிடப்பதைக் காட்டியபோது ரெஜிஷா தன்னை மறந்து சிரித்தும் விட்டாள். ஏட்டையா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

சாயங்காலம் போன் வந்தது. பக்கத்துத் துறைமுகத்தில் கல்யாண பேண்டு கோஷ்டியாக வேனில் வந்திறங்கியவர்கள், இரண்டு பாட்டு வாசித்து, டீசல் பம்பில் வெடிகுண்டு காகிதத்தை ஒட்டிவிட்டார்களாம். அங்கே நிற்க வேண்டிய போலீசார் எல்லாரும் தோப்புக்கு வந்திருந்தார்கள்.

ரெஜிஷா போனை வைத்துவிட்டு ஷாஜன் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நீங்க யாரு?"

"அதத்தான மேடம் வந்ததுலேருந்து சொல்லுதேன்."

அதற்குள் செய்தி கேட்டு ஜெஸ்மியும் நேசபாயும் வந்து சேர்ந்தார்கள். நேசபாய் மருமகனின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவர் உங்கள் வீட்டுக்காரரா என்று ரெஜிஷா கேட்டதற்கு ஜெஸ்மி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆளு அதுதான்" என்றாள் கடைசியில். பிறகு தரையில் கிடந்த குவியல் அவள் கண்ணில் பட்டது. குரல் மாறிவிட்டது. "இப்பிடியா போட்டு சுருட்டுகது? யாரு செய்த வேல இது?"

ஏட்டையா விழித்துக்கொண்டார். ஜெஸ்மி தரையில் உட்கார்ந்து சட்டைகளைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"இது கட்டத்துணி, மடிச்ச எடத்துல வெள்ள வரும், உருட்டித்தான் வைக்கணும். இது டிரில், மடிக்கலாம். இது ரெண்டையும் ஒண்ணா வைக்கப்பிடாது, இதுக்க சாயம் அதுல ஏறும்." பெண் போலீஸ் ஒருத்தி உதவிக்கு வந்து ஒரே மாதிரி இருந்த இரண்டை அடுக்கியபோது ஜெஸ்மி அவள் கையைத் தட்டிவிட்டாள். "ஒண்ணில்ல மக்கா. இதுல பச்சைக்கு மேல பழுப்பு அடிச்சிருக்கு. அதுல பழுப்புக்கு மேல பச்ச."

பச்சைக்கு மேல் பழுப்பு. ஷாஜனே இரண்டு வருஷம் கழித்துக் கண்டுபிடித்த விஷயம் அது.

"ஒனக்கு எப்பிடிட்டி தெரியும்?"

"பாச்சா உருண்டை போடுகது யாருன்னு நெனச்சிய? ஒவ்வொண்ணயும் தொட்டுத்தான வைக்கணும்."

ஷாஜன் நாற்காலியிலிருந்து எழுந்து அவள் பக்கத்தில் உட்காரப் பார்த்தான். வால் விடவில்லை. ஏட்டையா துப்பாக்கிக்குப் போடும் எண்ணெயைக் கொண்டுவந்து பட்டனில் விட்டார், நேசபாய் வெளியே போய் நின்றாள், கொஞ்ச நேரத்தில் கோட்டு கழன்றது. ஸ்டேஷன் ஜீப்பிலேயே மூவரையும் வீட்டில் கொண்டுவிட்டார்கள். வரும் வழியெல்லாம் ஜெஸ்மி மூட்டையை மடியில் வைத்திருந்தாள்.

பிறகு அலமாரி இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதிக்கு சேலைகள் திரும்பி வந்தன. மிச்சப் பாதியில் எது எங்கே என்பதை ஜெஸ்மிதான் முடிவு செய்தாள், ஷாஜன் கேட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஈஸ்டருக்குப் பிறகு பிரைட்டனிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. கிடைக்கவே கிடைக்காத சட்டை என்று சொல்லியிருந்தான். ஷாஜன் கடையிலிருந்து வருவதற்குள் ஜெஸ்மி அதைப் பிரித்துவிட்டாள்.

"இது கள்ளன்" என்றாள் அவன் உள்ளே நுழைந்ததும். "புதுத் துணிய கல்லுபோட்டு அலசி பழசாக்கியிருக்கு. உள்தையலப் பாருங்க, நூலு பளபளங்குது."

ஷாஜன் ஒப்புக்கொள்ளவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தான், முகர்ந்தான், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். குவைத்துக்கு போன் போட்டான். எங்கேதான் வாங்கினாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டதில், நாலாவது தடவை, ஏசி போட்ட ஒரு பெரிய கடையில் வாங்கியதாக பிரைட்டன் ஒப்புக்கொண்டான். ஷாஜன் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

ஜெஸ்மி அந்தச் சட்டையை வீணாக்கவில்லை. வாழைக்குலை வெட்டப் போகும்போது அவள்தான் அதைப் போட்டுக்கொள்கிறாள். இப்போது அதில் கறை நன்றாகப் பிடித்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் அசல் என்றே தோன்றும் என்று ஷாஜன் சொல்லிக்கொண்டிருக்கிறான்.