பம்புசெட்டுக் கொட்டகையில் மூன்று பேர்

பாபநாசம் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஒரு புது முறையைச் சோதித்தார்கள். ஆசிரியை என்பதால் என்னையும் இழுத்துப் போட்டார்கள். பிளாக்செயின் என்றார்கள். எனக்குப் புரிந்தது இதுதான்: ஒரு வீட்டைக் கைபேசியில் பதிந்தால் அதன் நகல் பல அலுவலகக் கணினிகளில் போய் உட்கார்ந்துவிடும். யாரும் சத்தமில்லாமல் அழிக்க முடியாது. திருத்தினால் பழையதும் நிற்கும், திருத்தியவர் பேரும் நிற்கும்.

கீழத்தெருவுக்கு அங்கன்வாடி கேட்டுப் பெண்கள் அலுத்துப் போயிருந்தார்கள். பிள்ளைகள் போதாதாம். இந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்வதாக அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள்.

அந்தத் தெரு முனையில் ஒரு நிலக்காரர் வீடு. கணவனும் மனைவியும்தான். மகன், மருமகள், பேரன் மூன்று பேரும் சிங்கப்பூரில்.

"அஞ்சு பேருன்னு போடுங்க டீச்சர்."

"இங்க இருக்கறவங்கள மட்டுந்தான் சார் எழுதணும்."

"அப்ப எம்மவன் செத்தா போயிட்டான்? பேர விடுறதாவது!"

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இதே பாட்டுதான். கடல் தாண்டிய பிள்ளையின் பேரை விட்டால் அபசகுனமாம். கணக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இரண்டு என்று போட்டேன்.

அவர் வயலில் பம்புசெட்டுக் கொட்டகை இருக்கிறது. போன குறுவை நடவுக்கு வங்காளத்திலிருந்து வந்த புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை அங்கேயே தங்கிவிட்டார்கள். தாய் நாற்று நடும்போது குழந்தை வரப்பில் குடைக்கடியில் கிடக்கும். அங்கே கிளம்பினேன்.

"அவனுங்க எதுக்கு? நாளைக்கே பட்டா கேப்பானுங்க."

"தலைய எண்ணுனா பட்டா குடுத்துருவாங்களா சார்? அப்படின்னா எனக்கு எப்பவோ குடுத்துருக்கணும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தார். "நம்ம வயல நட்டது அவங்கதானே? போயி எழுதுங்க டீச்சர்."

மூன்று பேரையும் பதிந்தேன். சாயங்காலம் என் மேற்பார்வையாளர் போன் செய்தார். நிலக்காரர் அவரைப் பிடித்திருக்கிறார்.

"அந்தக் கொட்டகைய எடுத்துருங்கம்மா. எதுக்கு வம்பு?"

"எடுக்கலாம் சார். எடுத்தது யாருன்னு பக்கத்துலயே நிக்கும். நான் எடுக்கல. வேணும்னா நீங்க எடுத்துக்குங்க."

"சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று வைத்துவிட்டார்.

அந்த இயந்திரத்துக்குப் பொய் தெரியாது. ஐந்து என்று நான் பதிந்திருந்தால் அதையும் பத்திரமாகத்தான் வைத்திருக்கும். நேரில் போய்ப் பார்க்கிற ஆள் ஒழுங்காக இருக்க வேண்டும். ஆனால் ஒழுங்காகப் பதிந்ததை ஒரு போனில் யாராலும் கவிழ்க்க முடியவில்லை. எத்தனை வருஷமாக இது நடக்காமல் இருந்தது!

அங்கன்வாடி இன்னும் வரவில்லை. வரும். அந்தக் குழந்தையைச் சேர்த்துத்தான் இப்போது கேட்கிறோம்.