யிங்கிடம் சொல்லக் கூடாதது

போன வெள்ளிக்கிழமை யிங்குக்கு ஃபேர்வெல் லஞ்ச். சான் ரமோனில் எங்கள் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே ஒரு சீன பஃபே. சீனாவுக்குத் திரும்பிப் போகிறவளைச் சீன பஃபேயில் வைத்து வழியனுப்பலாம் என்று யாருக்குத் தோன்றியதோ... யிங் பாவம், சிரித்துக்கொண்டே ஃப்ரைட் ரைஸைச் சாப்பிட்டாள்.

மேனேஜர் டேவ் எழுந்து பேசினார். "யிங் மாதிரி ஒரு டேலன்ட்டை இழப்பது நமக்குப் பெரிய நஷ்டம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. இழப்பதா? பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டு வர அவள் என்ன குடையா?

யிங்கை உங்களில் பலருக்குத் தெரியும். 'என் கார்பூல் தோழி' என்று இந்தப் பக்கத்தில் அடிக்கடி வந்திருக்கிறாள். ஃப்ரீமான்ட்டில் எங்கள் அப்பார்ட்மென்ட்டுக்கு அடுத்த தெருவில்தான் வீடு. ஒரு நாள் அவள் ஓட்டுவாள், ஒரு நாள் நான். தினமும் அந்த ஃப்ரீவேயில் தனியாக மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டாமே என்கிற சுயநலத்தில் ஆரம்பித்த சிநேகம் அது.

பிறந்தது நாஞ்சிங். பிஎச்.டி. பண்ணியது டெக்ஸாஸில், ரிச்சர்ட்சனில். ஸ்காலர்ஷிப் கொடுத்து, லேப் கொடுத்து, வா வா என்று கூப்பிட்டுப் படிக்க வைத்தார்கள். ஃபைபர் கேபிளில் டேட்டா ஓடும்போது நடுவில் தப்புகள் வரும். அவற்றை மெஷினே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். அதைச் செய்ய வைப்பதுதான் யிங்கின் வேலை. அந்த கேபிளின் முனையில் மாட்ட எங்கள் கம்பெனி செய்யும் புது பாக்ஸில் அந்தப் பகுதி முழுக்க அவள் மூளையில் உதித்தது.

போன கோடையில் அந்த பாக்ஸை வாங்க ஒரு அரசாங்க டிபார்ட்மென்ட் முன்வந்தது. ஆபீஸில் கேக் வெட்டினோம். அடுத்த வாரமே ஒரு வக்கீல் அம்மா வந்து எங்களை கான்ஃபரன்ஸ் ரூமில் உட்கார வைத்து வகுப்பெடுத்தார். பேப்பரைத் திறந்தாலும் டிவியைப் போட்டாலும் சீன உளவாளிக் கதைகளாக ஓடிக்கொண்டிருந்த நேரம் அது.

அவர் சொன்னது இதுதான். சில டெக்னாலஜியைச் சில நாடுகளுக்கு ஏற்றுமதி பண்ண லைசென்ஸ் வேண்டும். சரி, நியாயம். ஆனால், பெட்டியில் போட்டுக் கப்பலில் ஏற்றினால்தான் ஏற்றுமதி என்று நினைத்துவிடாதீர்கள். கிரீன் கார்டு இல்லாத ஒரு சீனப் பிரஜையிடம் இங்கேயே, கலிஃபோர்னியாவிலேயே, வாயால் சொன்னாலும் அது சீனாவுக்கு ஏற்றுமதிதான்! யிங்குக்கு இன்னும் கிரீன் கார்டு வரவில்லை.

நான் கையைத் தூக்கினேன். "அவளே கண்டுபிடிச்சதை அவகிட்டயே சொன்னாலுமா?"

"இதுவரைக்கும் அவங்களுக்குத் தெரிஞ்சது பரவாயில்லை. இனிமே புதுசா எதுவும் தெரியக் கூடாது" என்றார் வக்கீல் அம்மா.

"இந்தியர்களுக்கு?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். இந்த பாக்ஸ் விஷயத்தில் இந்தியர்கள் ஓகேயாம். வேறு சில பாக்ஸ்களில் நாங்களும் கிடையாதாம். நம்மாட்கள் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு நிம்மதியாக எழுந்து போனார்கள்.

யிங்கைப் பக்கத்து பில்டிங்குக்கு மாற்றினார்கள். ஏதோ பழைய ப்ராடக்ட்டுக்கு யூசர் மேனுவல் எழுதுகிற வேலை. அவளுடைய பேட்ஜைக் காட்டினால் எங்கள் லேப் கதவு திறக்காது. டேவ்தான் தைரியம் சொன்னார். "உனக்காக லைசென்ஸ் அப்ளை பண்றோம். வந்ததும் நீ மறுபடி டீமுக்கு வந்துடலாம்."

யிங் அதைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இங்கேயே இருக்க வேண்டும். நாஞ்சிங்கில் அவள் படித்த யூனிவர்சிட்டியோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. தனி லேப் தருகிறோம், ஸ்டூடன்ட்ஸ் தருகிறோம், வீடு தருகிறோம், வா. சீனப் புத்தாண்டுக்குள் பதில் சொல்ல வேண்டும். மகள் எமிலி இங்கேயே பிறந்தவள், செகண்ட் கிரேடு. வீட்டில் சீன மொழியில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற ஜாதி. நம் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தானே? "அங்கே போனா அவளுக்குப் படிக்கத் தெரியாது, எழுதத் தெரியாது. என் பொண்ணை நானே முட்டாளாக்கி உட்கார வெச்ச மாதிரி ஆயிடும்" என்பாள் யிங். லைசென்ஸ் முதலில் வருமா, புத்தாண்டு முதலில் வருமா? அந்தக் குடும்பமே இந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து காரில் ஆபீஸ் பேச்சே கிடையாது. சட்டம் போட்டது நானில்லை, அவள்தான். வாய் தவறி "இன்னிக்கு அந்த டெஸ்ட்ல..." என்று ஆரம்பித்தால் போதும், ரேடியோவை அலற விட்டுவிடுவாள். "ப்ளீஸ், எனக்கு எதுவும் தெரியாம இருக்கட்டும். லைசென்ஸ் வரணும்." அதனால் மாமியார்களைப் பற்றிப் பேசினோம். அந்த ஒரு துறையில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் எல்லைத் தகராறே இல்லை.

இதற்கு நடுவில் பாக்ஸ் மக்கர் பண்ண ஆரம்பித்தது. லேபில் கொஞ்சம் சூடு ஏறினால் போதும், தப்பைத் திருத்த வேண்டிய சிப் தானே தப்புப் பண்ணுகிறது. நாங்கள் வாரக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டோம். யிங்கிடம் கேட்டால், வீட்டுக்குப் போகிற வழியில் சுனோல் மேடு ஏறி இறங்குவதற்குள் சொல்லிவிடுவாள். பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாள், காப்பி குடித்துக்கொண்டு. ஆனால் கேள்வியை நான் வாய்விட்டுச் சொன்னாலே அது ஏற்றுமதி.

அந்தச் சமயத்தில் ஒரு சனிக்கிழமை நம்மூர்க்காரர்கள் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பாட்லக். அங்கே சுந்தரம் என்று ஒரு கோயம்புத்தூர்க்காரர், சாஃப்ட்வேர், தங்கமான மனுஷர். வடையைக் கடித்துக்கொண்டே ஆரம்பித்தார். "இந்தச் சைனாக்காரங்களை உள்ள விட்டதே தப்புங்க. இங்க வந்து அமெரிக்காக்காரன் காசுல படிச்சுப்போட்டு, எல்லாத்தையும் சுருட்டிக்கிட்டு ஊருக்குப் போயிடறானுங்க. நம்மாளுங்க அப்படிங்களா?"

"நீங்க எங்க படிச்சீங்க சார்?"

"ஊர்லதாங்க. கவர்ன்மென்ட் காலேஜ்."

"அப்ப தமிழ்நாட்டுக் காசுல படிச்சுட்டு, அதைச் சுருட்டிக்கிட்டு இங்க வந்தது யாரு?"

என் கணவர் ரகு பேசாமல் என் தட்டில் இன்னொரு கரண்டி புளியோதரையை வைத்தார். வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்று அர்த்தம். சாப்பிட்டேன்.

உளவாளிகளே கிடையாது என்று நான் சத்தியம் பண்ண வரவில்லை. இருப்பார்கள். எல்லா நாட்டிலும் எல்லா நாட்டுக்காரனும் இருப்பான். ராணுவ ரகசியத்தைப் பூட்டி வையுங்கள், யார் வேண்டாமென்றது? வெளிநாட்டுப் பிள்ளைகளே வேண்டாம் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்கள் வேறு வழி பார்த்துக்கொள்வார்கள். ஆனால் வாசலில் நின்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து, பந்தியில் உட்கார வைத்து, இலை போட்டுப் பாதி பரிமாறிவிட்டு, கொஞ்சம் எழுந்து நில்லு, உன்னைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது என்றால்? இதை யாரிடம் போய்ச் சொல்வது... சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

ஜனவரி முடியப்போகிறது. சீனப் புத்தாண்டு வாசலில் நிற்கிறது. நானே நேராக டேவ் ரூமுக்குப் போனேன். யிங்கோட லைசென்ஸ் என்னாச்சு?

அவர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அது... நாங்க இன்னும் அப்ளை பண்ணலை."

"இத்தனை மாசமாவா?"

"ரொம்ப இழுக்கும்னு வக்கீல் சொன்னாங்க. எப்படியும் அவ ஒரு நாள் ஊருக்குப் போகப்போறவதானே? அதான் விட்டுட்டோம்."

டேவ் கெட்டவர் இல்லை. என் பிள்ளைக்கு ஜுரம் என்றால் வீட்டுக்குப் போ என்று முதலில் சொல்கிறவர் அவர்தான். மனதில் ஒரு விஷமும் இல்லாமல், லஞ்சுக்கு என்ன ஆர்டர் பண்ணலாம் என்கிற குரலில் இதைச் சொன்னார். கத்தவேண்டும் போலிருந்தது. கத்தவும் தெம்பில்லை.

அன்று சாயங்காலம் யிங்கிடம் சொன்னேன். அன்றைக்கு அவள் முறை, ஸ்டியரிங்கில் இருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் எக்ஸிட் எடுத்து, ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு அழுதாள். "முன்னாடியே சொல்லியிருந்தா வேற கம்பெனி பார்த்திருப்பேன். நான் இருக்கணும்னுதான் இருந்தேன், தெரியுமா? இப்ப எமிலிகிட்ட என்ன சொல்றது?" எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவள் தோளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாளே நாஞ்சிங் யூனிவர்சிட்டிக்கு, வருகிறேன் என்று பதில் சொல்லிவிட்டாள்.

ஆக, அவள் போய்விடுவாள் என்று பயந்து செய்த காரியமே அவளை அனுப்பிவைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஏர்போர்ட்டில் எமிலி என் மகளைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். பிரித்தெடுக்க நாங்கள் பட்ட பாட்டை இங்கே எழுத மனசில்லை.

திங்கட்கிழமை காலை டேவ் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"செப்டம்பர்ல ஹாங்காங்ல ஒரு கான்ஃபரன்ஸ் இருக்கு. யிங் கண்டிப்பா வருவா. நீ போயிட்டு வாயேன். நீதான் அவளுக்கு க்ளோஸ். சும்மா ஒரு காப்பி சாப்பிடு. அவ லேப்ல என்ன பண்றாங்கன்னு கேஷுவலா விசாரி. அப்படியே... அந்தச் சூடு பிராப்ளத்துக்கும் ஏதாவது ஐடியா கிடைக்குமான்னு பாரு."

"அதுக்கு லைசென்ஸ் வேண்டாமா டேவ்?"

"நாம சொன்னாதான் லைசென்ஸ் வேணும். கேட்டுக்கறதுக்கு எதுக்கு?" என்றார்.

வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு என் சீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

அவள் கொண்டுபோனால் அது திருட்டாம்; நான் கொண்டுவந்தால் நெட்வொர்க்கிங்காம்.