பழைய கண்ணுக்குள் ஒரு கழுதை

முதலில் கால்கள். தாயம்மாள் எந்த உருவத்தையும் காலிலிருந்துதான் தொடங்குவார். ஈரப் பஞ்சால் தாளைத் தடவிவிட்டு, ஈரம் உள்ளே இறங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்திருப்பார். பிறகு பென்சில் நுனி பட்டும் படாமலும் நகரும். சற்றே உள்நோக்கித் திரும்பிய இரண்டு குளம்புகள் வரும். ஒன்றில் காலுறை நழுவிக் கிடக்கும்.

“நிக்கிற தினுசு தெரிஞ்சிட்டா ஆளு யாருன்னு தெரிஞ்சிரும், தம்பி. மூஞ்சிக்கு என்ன அவசரம்? அது மெதுவா வரட்டும்.”

டெல்லி புசா ரோட்டின் பின்சந்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு மேல்மாடி அவருடையது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் பரமசிவம் மத்திய அரசில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில், குளிர்கால மதியங்களில் பெண்கள் எல்லோரும் மொட்டைமாடி வெயிலில் ஸ்வெட்டர் பின்ன, தாயம்மாள் மட்டும் கிழித்த காலண்டர் தாளின் முதுகில் வரைந்துகொண்டிருப்பாராம். பக்கத்து வீட்டில் வளர்ந்த அபூர்வா பின்னாளில் குழந்தைகளுக்கான சிறு பதிப்பகம் ஒன்றைத் தொடங்கியபோது, அந்தக் காலண்டர் தாள்களைத்தான் தேடிக்கொண்டு வந்தாள்.

அப்படிப் பிறந்தவன் கம்பளி. மங்கி குல்லா போட்டுக்கொண்டு, டிபன் கேரியருடன் பஸ் பிடித்து, ஏதோ ஓர் அமைச்சகத்துக்கு வேலைக்குப் போகும் சாம்பல் நிறக் கழுதை. அவனுடைய புத்தகங்கள் தமிழிலும் ஹிந்தியிலும் வந்திருக்கின்றன.

கால்கள் அமைந்தபின் தொப்பை, தோள், காது என்று மேலே ஏறுவார். அதற்குப் பிறகு சாம்பல். கறுப்பு வண்ணம் அவர் வீட்டிலேயே கிடையாது. “கறுப்பச் சேத்தா சாம்பல் செத்துப்போயிரும்” என்பார். வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு மூலையில் நீலம், எதிர் மூலையில் பழுப்பு. இரண்டையும் நடுவில் சந்திக்கவிட்டு, தூரிகையால் மெல்லச் சுழற்றுவார். நீலமும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல், மழைக்கு முந்தைய வானம் மாதிரி ஒன்று தட்டில் எழும்பும். அதைத் தாளில் விட்டதும் அது தானாகவே விளிம்புவரை ஓடிப்போய் நின்றுகொள்ளும். “நில்லுல, ஆடாத” என்று கழுதையை அதட்டிவிட்டு, காயட்டும் என்று அடுப்படிக்குப் போவார். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே அங்கிருந்து எட்டிப் பார்ப்பார். காய்ந்ததும் நிழலுக்கு இரண்டாவது பூச்சு. தண்ணீரை உதறிய வறட்டுத் தூரிகையால் குல்லாவின் கம்பளி நூல்கள். கடைசியாக மூச்சைப் பிடித்துக்கொண்டு மூக்கோரத்தில் வெள்ளை முடிகள்.

ஜன்னலுக்கு வெளியே டெல்லியின் குளிர்காலப் புகைமூட்டம். அதற்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகத் திரண்டு வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. “அந்தா, ரிக்‌ஷாவுல உக்காந்திருக்காங்க பாருங்க, சிவப்பு சால்வை. கொக்குல்லா அது!” நான் பார்ப்பேன். உண்மையிலேயே கொக்குதான்.

போன குளிர்காலத்தில், கம்பளி மூடுபனியில் வழி தவறும் புதுப் புத்தகம் பாதி முடிந்திருந்த சமயம், கண்ணில் புரை முற்றிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். முதலில் வலது கண்ணுக்கு அறுவை நடந்தது. சில வாரம் வண்ணத்தைத் தொடக்கூடாது என்று கட்டளை. தாள்களின் மேல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்திவைத்தார். அனுமதி கிடைத்த அன்று காலை அந்த வேட்டியை எடுத்தவர், கையில் ஒரு தாளோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

“தம்பி, இது என்ன நெறம்?”

கம்பளி பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“நீலம்தானே, அக்கா.”

“எப்பத்துல இருந்து நீலம்?”

நான் அறிந்தவரை அவன் கொஞ்ச காலமாகவே நீலம்தான். இந்தப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் நீலம் ஏறிக்கொண்டே வந்தது. அது அவருடைய கற்பனை என்றே நினைத்திருந்தேன். அன்றுதான் புரிந்தது: கண்ணில் புரையின் மஞ்சள் திரை படியப் படிய, சாம்பலாகத் தெரியும்வரை நீலத்தைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார். அவர் கண்ணுக்கு அது எப்போதும் சாம்பலாகவே இருந்திருக்கிறது.

செய்தி கேட்டு அபூர்வா ஓடி வந்தாள். “ஆன்ட்டி, நீங்க வேணும்னே பண்றீங்கன்னு நினைச்சேன். சச்சி, நெஜமாவே! எல்லாருக்கும் அந்த ப்ளூதான் பிடிச்சிருக்கு.”

“போன வருசம் கதை சொல்லப் போன பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க எல்லாம் நீலக் கழுதை, நீலக் கழுதைன்னு கத்திச்சுங்க” என்றார் தாயம்மாள். “பிள்ளைங்க அப்படித்தான், பச்சக் குதிர, செவப்பு யானைன்னு சொல்லும்னு சிரிச்சிட்டு வந்தேன். அதுங்கதான் சரியாப் பாத்திருக்கு.”

அன்று முழுவதும் அவர் ஒரு கண்ணைப் பொத்தியும் மறு கண்ணைப் பொத்தியும் வீட்டைச் சுற்றி வந்தார் என்று பரமசிவம் சொன்னார். புதுக் கண்ணில் சுவர் வெளேரென்று நீலம் பாரித்து நின்றது. பழைய கண்ணில் அதே சுவர் தேன் தடவினது போல. தலையணை உறை, பால், கணவரின் பனியன் என எல்லாவற்றுக்கும் இரண்டு நிறங்கள்.

மிச்சப் பக்கங்களைப் புதுக் கண்ணால் வரையத்தான் முதலில் முயன்றார். தட்டில் நீலத்தைக் கண்டதும் கை பயந்து பழுப்பை அள்ளியது. பழுப்பு மிஞ்சியதும் நீலத்தை அள்ளியது. தாளில் வந்தவன் சேற்றில் விழுந்தவன் போலிருந்தான். கால் சரியாகத்தான் நின்றது, ஆனால் அவன் கம்பளி இல்லை. தாள்களைக் கிழிக்காமல் ஓரமாகக் கவிழ்த்துவைத்தார். மொத்தத்தையும் முதலிலிருந்து சாம்பலில் வரையலாம் என்று ஒரு யோசனையும் இருந்தது. அதற்கு அபூர்வா சம்மதித்தாள். தாயம்மாளுக்குத்தான் மனம் வரவில்லை. “நின்னுட்டிருக்கவன எப்படிம்மா அழிக்கது?”

மறுநாள் நான் மேலே போனபோது, வலது கண்ணை மறைத்துக் கைக்குட்டையைத் தலையோடு சுற்றிக் கட்டிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். பழைய கண் மட்டும் திறந்திருந்தது. தட்டில் நீலமும் பழுப்பும் சந்தித்துக்கொண்டிருந்தன. தூரிகை தயங்காமல் சுழன்றது.

பரமசிவம் கோபத்தோடு வாசற்படியில் நின்றார். “அடுத்த வாரம் அடுத்த கண்ணுன்னு டாக்டர் சொல்லியாச்சு. இவ என்னடான்னா வேண்டாங்கா.”

“வேண்டாம்னு எங்க சொன்னேன்? கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுதேன். கம்பளி இந்தக் கண்ணுக்குள்ளதான் நிக்கான். அவன் சோலிய முடிச்சிட்டு எறங்கட்டும்.”

மருத்துவர் ஒரு மாதம் தள்ளிப்போடச் சம்மதித்தார். இரண்டு கண்ணும் இரண்டு விதமாகக் காட்டும், படியில் கவனம் என்று எச்சரித்தும் அனுப்பினார். எச்சரித்தபடியே நடந்தது. காய்கறி வாங்க இறங்கிய தாயம்மாள் கடைசிப் படியைத் தரையென்று நினைத்துக் கால்வைத்து, முழங்கால் சிராய்க்க விழுந்தார். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றுமில்லை. பரமசிவம் ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றிலிருந்து படியில் அவருக்கு முன்னால் ஒரு படி கீழே இறங்கி, திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாகக் கையை நீட்டுவார். தாயம்மாள் அதைப் பிடித்துக்கொள்வார்.

கடைசிப் படம் மூடுபனியில் கம்பளி வீட்டைக் கண்டுபிடிக்கும் காட்சி. அதை வரைந்த மதியம் நானும் கூட இருந்தேன். தாள் முழுவதையும் நனைத்து, காயுமுன்பே நீர்த்த வண்ணத்தை விட்டார். பனி தானாகப் பரவியது. எங்கே திட்டுத் திட்டாக நின்றதோ அங்கெல்லாம் மரங்கள் ஆயின. ஓரிடத்தில் வண்ணமே இறங்காமல் வெள்ளையாக நின்றது. அதை வீட்டு விளக்காக்கினார். நடுவில் கம்பளி, எனக்குத் துல்லியமான நீலம், அவருக்குச் சாம்பல். இருவரும் ஒரே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூக்கோரத்து வெள்ளை முடிகளை வைத்து முடித்ததும் கைக்குட்டையை அவிழ்க்கப் போனார். கை பாதியில் நின்றுவிட்டது.

“காயட்டும், தம்பி. ஈரத்துல பாத்தா பயந்துருவேன்.”

அந்தப் புத்தகம் இப்போது கடைகளில் கிடைக்கிறது. அட்டையில் நீலக் கழுதை நிற்கிறான். தாயம்மாளும் அவனை நீலம் என்றே சொல்லப் பழகிவிட்டார். ஆனால் சொல்லுமுன் ஒரு நொடி வாய் தயங்கும்.

படங்கள் முடிந்தபின் இரண்டாவது அறுவைக்குக் கிளம்பிய காலையில், பையை எடுத்துத் தர மேலே போயிருந்தேன். கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பரமசிவம் படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

“ஏட்டி, ஆட்டோ நிக்கு. ஜல்தி வா.”

“இந்தா வந்துட்டேன்.”

ஆனால் அவர் பால்கனியில் நின்றார். உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். எதிரே வேப்பமரம், அதற்குப் பின்னால் மெட்ரோ பாலம், தேநீர்க் கடையின் ஆவி, பள்ளிக்கூட ரிக்‌ஷாவுக்குள் நெருக்கியடித்த குழந்தைகள். பழைய கண்ணின் தேன் வெளிச்சத்தில் அவை எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியாது. நெடுநேரம் பார்த்தார். பிறகு, ரயில் நகரத் தொடங்கும்போது பிளாட்பாரத்தில் நிற்கிறவர்கள் செய்வதுபோல, இன்னொரு கையை மெல்லத் தூக்கி, அந்தத் தெருவுக்கு டாட்டா காட்டினார்.