வலது தோளில் இரண்டு விரல் பஞ்சு

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்த அவருக்கு, மாலை நேர மேற்கத்திய வாத்தியக் குழுவில் கம்பம் என்று பெயர். நிமிர்ந்து உட்காருவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய கருத்து. மற்றவர்கள் மறுக்கவில்லை. மறுத்தால் முதுகெலும்பின் மகிமையை அரை மணி நேரம் கேட்க வேண்டிவரும்.

பகலெல்லாம் தொலைபேசியை இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு புகார் எழுதுவார். மாலையில் அதே இடுக்கில் வயலின். இருபத்திரண்டு வருஷமாக அவரிடம் விடுப்பே எடுக்காமல் உழைத்தது அந்த இடுக்கு ஒன்றுதான்.

அந்த வருஷம் அது வேலைநிறுத்தத்தில் இறங்கியது. நிகழ்ச்சியின் இரண்டாம் பாதி வந்தால் இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் மரத்துப்போகும். விரல் தந்தியில்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். பார்த்து முடிப்பதற்குள் பாட்டு இரண்டு வரி தாண்டிப் போயிருக்கும். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சரான குழுத்தலைவி அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அடுத்த மாசம் நிகழ்ச்சி. அதுலயும் இப்படின்னா உங்கள முக்கோணத்துக்கு மாத்திடுவேன்.”

முக்கோணம் என்பது மேடையின் மூலையில் தொங்கும் வளைந்த கம்பி. இரண்டு மணி நேரத்தில் மூன்று முறை தட்டினால் போதும்.

“மேடம், இருபத்திரண்டு வருஷமா வயலின் வாசிக்கிறேன்.”

“அது வாசிப்பு இல்லங்க, மல்யுத்தம்.”

பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் அவர் கச்சேரிக் கோட்டுடனேயே போனார். கலைஞனைக் கலைக்கோலத்தில்தான் பரிசோதிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தப் பெண் வாசிக்கச் சொல்லிவிட்டுச் சுற்றி வந்தாள்.

“பல்லக் கடிக்காதீங்க.”

“கடிக்கல.”

“மூச்சு விடுங்க.”

“விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“ஆரம்பிச்சதுலேருந்து விடல, சார். இடது தோள் காதுகிட்ட ரகசியம் பேசுது. கோட்டக் கழட்டுங்க.”

“ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கண்ணாடியப் பாத்துட்டுத்தான் கிளம்புறேன். நேராத்தான் இருக்கேன்.”

கோட்டைக் கழற்றியதும் எதிரே இருந்த கண்ணாடியில் முன்பின் தெரியாத ஒருவர் நின்றார். ஒரு தட்டில் மட்டும் சரக்கு வைத்த தராசு மாதிரி இருந்தார். அந்தப் பெண் கோட்டின் வலது தோளைப் பிசைந்து பார்த்தாள். உள்ளே இரண்டு விரல் கனத்துக்குப் பஞ்சு.

“யாரு தச்சது?”

“என் மச்சான்.”

“நல்லாத் தச்சிருக்காரு. உடம்பு சொன்னத நீங்க கேக்கல, கோட்டு சொன்னதக் கேட்டிருக்கீங்க. இந்தப் பக்கம் ஒசரமா இருக்குன்னு நம்பி அந்தப் பக்கமும் ஏறியிருக்கு.”

மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், கல்யாணக் கோட்டிலிருந்து அவருக்குத் தைத்துவரும் தையற்காரர். கோட்டை மேசையில் விரித்ததும் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பதில் யோசிக்க அதைவிட வசதியான தொழில் இல்லை.

“இது என்ன மச்சான்?”

“பஞ்சு, மாப்பிள்ளை.”

“எத்தன நாளா?”

“கல்யாணக் கோட்டுல அரை விரல்தான். அப்புறம் நீங்க ஏற ஏற, நானும் ஏத்த வேண்டியதாப் போச்சு.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“வீட்டு மாப்பிள்ளையப் பாத்து கோணல்னு எந்த வாயால சொல்றது? கையில ஊசி இருந்துது. அதாலயே சமாளிச்சுட்டேன்.”

வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டார்.

“உனக்கும் தெரியுமா?”

“கம்பம்னு சொல்லிக்கிட்டு சந்தோஷமா இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்?”

“ஆபீஸ்ல தெரியுமா?”

“அங்க கோட்டு போடுறதில்லையே.”

அந்த மாதம் அவர் தொலைபேசியைக் கையில் பிடித்தார். ஒற்றைக் கையால் எழுதியதில் ஊராரின் புகார்கள் பாதியாகச் சுருங்கின. குழாயில் தண்ணீர் வந்த வேகத்தில் மாற்றமில்லை. இசைத்தாளில் பென்சிலால் ‘பல்’, ‘மூச்சு’, ‘தோள்’ என்று எழுதி வைத்தார். கடைசியில் ஸ்வரங்களைவிட உறுப்புகள் அதிகமாயின. தோள் பாதி இறங்கியது. மீதிப் பாதி, பணிமூப்பைக் காட்டி, இறங்க மறுத்தது.

நிகழ்ச்சியன்று கோட்டைப் போட்டதும் இறங்கிய தோள் பழையபடி ஏறத் தொடங்கியது. மச்சானுக்கு ஆள் போயிற்று.

“ஒரு விரலாவது விட்டு வைக்கிறேன் மாப்பிள்ளை. மேடையில நாலு பேர் பாப்பாங்க.”

அவர் இடது கையின் சுண்டுவிரலை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

“பாக்கட்டும். முழுசா எடுத்துடுங்க.”

மச்சான் பிரித்தார். சொந்தத் தோலை உரிப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் நீளமான பகுதி வந்தது. சுண்டுவிரலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. தாளில் ‘பல்’ என்று இருந்தது, தாடையைத் தளர்த்தினார். அடுத்த வரியில் ‘மூச்சு’, விட்டார். எறும்பு வந்த வழியே போய்விட்டது. இரண்டு விரல்களும் கடைசிவரை தந்தியில் இருந்தன. குனிந்து பார்க்காமலே தெரிந்தது.

“முக்கோணத்துக்கு வேற ஆள் பாத்துக்கிறேன்,” என்றார் குழுத்தலைவி. அவருடைய பாராட்டுகளில் அதுதான் நீளமானது.

குழுவின் புகைப்படத்தை மனைவி கூடத்தில் மாட்டினாள். இரண்டாம் வரிசை, மூன்றாவது நாற்காலி, முதல்முறையாக உள்ளபடி ஓர் ஆள். பார்க்க வந்த மச்சான் சற்று நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் வலது தோள் இருந்த பக்கத்துப் பட மூலையை இரண்டு விரல் உயர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

தோள்கள் இரண்டும் சமமாயின. குழு முழுவதும் மறுபுறம் சரிந்தது.

“மச்சான்,” என்று எழுந்துபோய்ப் படத்தைப் பழையபடி நேராக்கினார் கம்பம்.