இடது கை தாவும் இடம்

என் அக்கா பியானோக்காரி. கால் தரைக்கு எட்டாத வயதிலேயே மேடையேறியவள். முப்பது வயது வரை ஊர் ஊராகப் போய் வாசித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இசைக்குறிப்புப் புத்தகத்தில் பக்கம் புரட்டினேன். கைதட்டல் அவளுக்கு, கழுத்துவலி எனக்கு. பிறகு அவளுக்கு மணிக்கட்டு பிடித்துக்கொண்டது. குணமாவதற்குள் கச்சேரி ஏற்பாடு செய்கிறவர்கள் அவளை மறந்தே போனார்கள். நன்றிகெட்ட ஜென்மங்கள்!

முன்னறையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். பதினெட்டு வருஷம். எல்லாரும் கற்றுக்கொண்ட ஒரு பாட்டில் எல்லாரும் ஒரே இடத்தில் கோட்டை விடுவார்கள். இடது கை தாவவேண்டிய இடத்தில் ஒரு கட்டை தள்ளி விழும். "நில்லு! தூங்குறியா? மறுபடியும் வாசி!" என்று அக்கா போடும் அதட்டலில் தெருவில் போகிறவர்களும் நின்றுவிடுவார்கள்.

போன வருஷம் ஓர் அரங்கத்து மேனேஜர் வந்தார். "ஒரு தடவை வாசிங்க மேடம். நல்லா வந்தா அடுத்த வருஷம் நாலு கச்சேரி." அக்காவுக்கு இரண்டு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. மேடைக்கு அவள் எப்படி ஏங்கினாள் என்று எனக்குத்தான் தெரியும். தூக்கத்திலும் வாசிப்பேன் என்று அதே பாட்டைத் தேர்ந்தெடுத்தாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. அந்த இடம் வந்தது. இடது கை தாவியது. ஒரு கட்டை தள்ளி விழுந்தது! பதினெட்டு வருஷமாகக் காதில் விழுந்த தப்பு விரலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதோடு விட்டாளா?

"நில்லு!" என்று தன்னையே அதட்டினாள். "தூங்குறியா? மறுபடியும் வாசி!"

மூன்றாம் வரிசையில் அவளுடைய மாணவர்கள் பதினொரு பேரும் சட்டென்று முதுகை நிமிர்த்தினார்கள். எனக்கு மானமே போயிற்று. மறுபடி வாசித்தாள். மறுபடி தப்பு. "அய்யோ, என் உயிரை வாங்குற!" மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. "ம், போ" என்று தனக்கே உத்தரவு கொடுத்து மீதியை வாசித்து முடித்தாள். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், கைதட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் அக்கா குலுங்கிக் குலுங்கி அழுதாள். "போச்சுடி, எல்லாம் போச்சு." எனக்கும் அழுகை வந்துவிட்டது. மாணவர்கள் வாசலில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு மேனேஜர் உள்ளே வந்தார்.

"மேடம், நாலு கச்சேரியும் உங்களுக்குத்தான். ஆனா அந்தத் திட்டும் வேணுமாம், எல்லாரும் கேக்குறாங்க."

அக்கா கண்ணைத் துடைத்தாள். "வேணும்னே தப்பா வாசிக்க எனக்கு வராதுங்க. தானா வந்தா திட்டுவேன்."

"தானா வருமா?"

அக்கா வாசல் பக்கம் பார்த்தாள்.

"இதுங்க என்கிட்ட படிக்கிற வரைக்கும் வரும்."